இல்லாத உடைக்கு உள்ள காசு

கடலோரத் திண்ணை

சென்ற திங்கள் ஒரு மாலை. போர்ட் பிளேரிலிருந்து வந்த கப்பல் ஆட்களையும் மூட்டைகளையும் இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தது. (அவ்வூருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது, நம் நாக்கு மாறுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும்.) ஜெட்டியின் ஆரவாரம் அடங்கிய அவ்வேளையில் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மனைவியார் தம் மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு நம் இல்லம் வந்தார். மகனுக்கு வயது 16. பதினோராம் வகுப்பு மாணவன். அம்மையாரின் கண்கள் சிவந்திருந்தன.

“ஐயா, காவல் நிலையத்துக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டும். என் பிள்ளையை எவனோ ஏமாற்றி 9,000 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டான்” என்றார்.

“என்ன பொருள் வாங்கினான்?” என்று கேட்டோம்.

அம்மையார் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். பிறகு, “ஒரு ஐடி, தாத்தா” என்று மெல்லச் சொன்னான்.

‘ஐடி’ யாது என்பதை அறியாத பெற்றோர் நம்முள் பலர். அன்று நாமும் அவர்களுள் ஒருவரே. ஆகவே பையன் வாயிலாக அறிந்ததை முதற்கண் விளக்கி விடுகிறோம். செல்பேசியில் விளையாடும் போர் விளையாட்டுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. பிள்ளைகள் அதனை ஐடி என்பர். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் உள்ளே நிற்கும் வீரன் உடுத்தும் உடை, அவன் ஏந்தும் துப்பாக்கியின் வண்ணப் பூச்சு, வெற்றி பெற்றதும் அவன் ஆடிக் காட்டும் ஆட்டம் ஆகிய இவை விலைக்கு உரியவை. உடைக்கும் பூச்சுக்கும் ‘ஸ்கின்’ என்று பெயர். அவற்றை வாங்க நேரே ரூபாய் செல்லாது. திருவிழாவில் ராட்டினத்துக்கு டோக்கன் வாங்குவது போல, ரூபாயைக் கொடுத்து அவ்விளையாட்டின் சொந்தச் செலாவணியை முதலில் வாங்க வேண்டும். ஒரு விளையாட்டில் அது ‘டயமண்ட்’, மற்றொன்றில் ‘யூசி’. ராட்டினக்காரனாவது மிஞ்சிய டோக்கனுக்கு மனமிரங்கிக் காசு தருவான். இவர்கள் தருவதில்லை.

சில உடைகள் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் விற்கப்படும். சிலவற்றைக் குலுக்கல் முறையில், அதிர்ஷ்டம் இருந்தால் எடுக்கலாம். நாள் கடந்தபின் எத்துணைக் காசு கொடுத்தாலும் கடையில் கிடைப்பதில்லை. அத்தகைய அரிய உடை ஒருவனிடம் இருந்தால் தோழர் நடுவே அவனுக்கு ஒரு தனி மதிப்பு. அவ்வுடையைக் கழற்றி மற்றவனுக்குக் கொடுக்கவும் வழியில்லை. எனவே உடை வேண்டுவோன், அதனை உள்ளடக்கிய கணக்கையே விலை பேசுகிறான். இதுவே ஐடி வியாபாரம். டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப்பிலும் இதற்கெனக் குழுக்கள் உண்டு, தரகர் உண்டு, தரகுக் கூலியும் உண்டு. விளையாட்டை நடத்தும் நிறுவனங்களோ கணக்கை விற்கலாகாது என்று தம் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன. அந்நிபந்தனைகளை முழுவதும் படித்த பிள்ளை எவனையும் நாம் கண்டதில்லை. படித்த பெரியவரையும் கண்டதில்லை.

“அந்த உடையை எனக்குக் காட்டடா” என்றார் அம்மையார். கணக்கு கைவிட்டுப் போய்விட்டதால் உடையைக் காட்ட இயலவில்லை. முன்னரே எடுத்து வைத்திருந்த படம் ஒன்றைக் காட்டினான். அம்மையார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இதற்கா? தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சட்டையையே நீ இன்னும் பிரிக்கவில்லையே!” என்றார்.

நாம் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். ஆனால் அடுத்து அவன் சொன்ன விடை நம்மைச் சிந்திக்க வைத்தது. அவன் அதனை உடுத்தி மகிழ வாங்கவில்லையாம். 9,000 ரூபாய்க்கு வாங்கி 13,000 ரூபாய்க்கு விற்க ஆளும் பார்த்து வைத்திருந்தானாம். அதாவது, பிள்ளை விளையாடவில்லை, வாணிகம் செய்திருக்கிறான். அக்காசில் 6,000 ரூபாய், மூத்த மகளின் பேறுகாலத்துக்குச் சென்னை செல்ல அம்மையார் சிறுகச் சிறுகச் சேர்த்தது. செல்பேசி வழியே பணம் அனுப்பும் ரகசிய எண்ணை அம்மையாருக்கு அமைத்துக் கொடுத்தவனே இப்பையன்தான். திறவுகோலைத் தேட வேண்டிய தேவை அவனுக்கு இருக்கவில்லை.

“படிக்கிற பிள்ளைக்கு ஏன் இந்தப் பித்து?” என்று கேட்பது எளிது. லிட்டில் அந்தமானில் இப்பித்து ஏன் இப்போது வந்தது என்று கேட்பது அதனினும் பயனுடையது. 2018 டிசம்பர் 30ஆம் நாள் அடிக்கல் நாட்டப் பெற்று, 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்ற கடலடிக் கம்பித் தடம் சென்னையையும் நம் தீவுகளையும் இணைத்தது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேர், ஹேவ்லாக், ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகியவற்றுடன் நம் லிட்டில் அந்தமானும் அதில் சேர்ந்தது. அதற்கு முன் செயற்கைக்கோளின் தயவில் ஒரு புகைப்படத்தை அனுப்பிவிட்டு, அது போயிற்றா இல்லையா என்று வாசலில் நின்று கையை உயர்த்திப் பார்த்த நாட்களை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்கம்பி வழியே மருத்துவர் ஆலோசனை வந்தது. பிள்ளைகளின் பாடம் வந்தது. பேரக்குழந்தையின் முகம் வந்தது. அதே கம்பி வழியே ஒரு பெரிய சந்தையும் வந்து நம் பிள்ளைகளின் பாய்க்கு அருகில் கடை விரித்தது. கப்பல் ஓடாத மழைநாளிலும் அச்சந்தைக்கு விடுமுறை இல்லை.

இச்சந்தை புதியதன்று. 2001ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்னும் அமெரிக்கப் பொருளியல் ஆசிரியர், ‘எவர்க்வெஸ்ட்’ என்ற விளையாட்டில் வரும் ‘நோராத்’ என்னும் கற்பனை நாட்டின் பொருளாதாரத்தைக் கணக்கிட்டார். அந்நாட்டுப் பிளாட்டினக் காசும் வாளும் கவசமும் ஏல வலைத்தளங்களில் டாலருக்கு விற்கப்பட்டு வந்தன. அவ்விலைகளைக் கொண்டு அவர் போட்ட கணக்கின்படி, நோராத்தில் தலைக்கு ஆண்டு உற்பத்தி 2,266 டாலர். ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்ட நிலை. உலகப் படத்தில் இல்லாத நாடு, உள்ள நாடுகளை முந்திக்கொண்டு நின்றது.

பின்னர் இது கூலித் தொழிலாகவும் ஆயிற்று. சீனாவில் இளைஞர்கள் வரிசையாகக் கணிப்பொறிகளின் முன் அமர்ந்து, நாள் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் விளையாட்டுக்குள் பொற்காசு திரட்டினர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நேரமின்றிக் காசு மட்டும் உடையோர் அதனை வாங்கினர். ‘தங்கம் பயிரிடுவோர்’ என்று இவ்விளைஞர்களுக்குப் பெயர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹீக்ஸ் 2008இல் செய்த மதிப்பீட்டின்படி இத்தொழிலில் இருந்தோர் சுமார் 4,00,000 பேர், பெரும்பாலோர் ஆசியர். விளையாடுவதையே வேலையாகச் செய்து, களைத்து, கூலி வாங்கிக்கொண்டு சென்று உறங்கினர். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த நம் குடும்பங்களின் கதையை அறிந்தவர்க்கு இதில் வியப்பு இராது. தேயிலையைக் குடித்தவர் ஒருவர். கொழுந்து கிள்ளியவர் மற்றொருவர்.

கண்ணால் மட்டும் காணும் பொருளுக்கு விலையா என்று நகைப்பவர்க்கு ஒரு சொல். நமக்குத் தெற்கே நிக்கோபார்த் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டில் தேங்காயே நாணயமாக வழங்கிற்று. துணிக்கு இத்தனை தேங்காய், கத்திக்கு இத்தனை தேங்காய் என்று விலை பேசினர். அவ்விலைகளை ஈ. எச். மான் என்னும் ஆங்கில அதிகாரி எழுதி வைத்துள்ளார். நாம் சட்டைப் பையில் வைத்திருக்கும் நோட்டும் வெறுந்தாள்தானே? இருவர் ஒப்பினால் எதற்கும் விலை உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு. விலைபோகாத தேங்காயை உடைத்துச் சட்டினி அரைக்கலாம். விலைபோகாத ஸ்கின்னை என்ன செய்வது?

இங்கேதான் மெய்யான வினா எழுகிறது. அப்பொருள் யாருடையது? 2005ஆம் ஆண்டு ஷாங்காய் நகரில் ஒருவர் தாமும் நண்பரும் சேர்ந்து ‘லெஜண்ட் ஆஃப் மிர் 3’ என்னும் விளையாட்டில் வென்ற ஒரு நாகவாளை மற்றொருவருக்கு இரவல் கொடுத்தார். இரவல் வாங்கியவர் அதனை 7,200 யுவானுக்கு விற்றுவிட்டார். கொடுத்தவர் காவல் நிலையம் சென்றார். இல்லாத வாளுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை என்று கூறி அனுப்பிவிட்டனர். சினம் ஆறாத அவர் விற்றவரைத் தேடிச் சென்று, மெய்யான கத்தியால் குத்திக் கொன்றார். நிறைவேற்றாது நிறுத்தி வைக்கும் மரண தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டது. வாள் பொய், கத்தி மெய், பிணமும் மெய்.

ஹாலந்து நாட்டில் வேறு தீர்ப்புக் கிடைத்தது. 2007இல் லேவார்டன் நகரில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை, அவனினும் மூத்த இரு பையன்கள் அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டில் அவன் சேர்த்திருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் தம் கணக்குக்கு மாற்றிக்கொண்டனர். வழக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை சென்றது. கையால் தொட இயலாததைத் திருட இயலுமா என்பது எதிர்வாதம். 2012 ஜனவரி 31ஆம் நாள் நீதிபதிகள், அச்சிறுவன் காலமும் உழைப்பும் செலவிட்டுப் பெற்றது, அவன் ஆளுகையில் மட்டும் இருந்தது, ஆகையால் அதுவும் திருடத்தக்க பொருளே என்றனர். நீதிபதிகளுக்கு வணக்கம். அடிபட்ட பிள்ளையின் உழைப்பை அவர்கள் உழைப்பாகக் கண்டனர்.

ஆயினும் இத்தீர்ப்பு ஒருவனிடமிருந்து மற்றவன் பறித்ததற்குத்தான் மருந்து. நடத்துகின்ற நிறுவனமோ அரசோ கடையை மூடினால் பறித்தவன் யார்? 2020 செப்டம்பர் 2ஆம் நாள் நம் நாட்டில் 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. ‘பப்ஜி மொபைல்’ அவற்றுள் ஒன்று. அக்டோபர் 30ஆம் நாள் அது இந்தியாவில் அடியோடு நின்றது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து உடை வாங்கியிருந்த பிள்ளைகள் வெறுந்திரையைப் பார்த்து நின்றனர். மறு ஆண்டு புதுப்பெயரில் விளையாட்டு திரும்பிவந்தபோது பழைய கணக்கைக் கொண்டுவரச் சில காலம் இடம் கொடுத்தனர். அது அவர்கள் கொடுத்த சலுகை. பிள்ளைகள் கேட்டுப் பெற்ற உரிமையன்று. 2022 பிப்ரவரியில் ‘ஃப்ரீ ஃபயர்’ தடையுற்றது. 2025 அக்டோபரில் ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ விளையாட்டில் அரிய கத்திகளைப் பெறுவதற்கு வேறொரு வழியை அதன் நிறுவனம் திறந்துவிட்டது. ஓரிரு நாளில் அப்பொருட்களின் சந்தை மதிப்பு சுமார் 200 கோடி டாலர் சரிந்ததாகச் செய்திகள் கூறின. எவரும் எதையும் திருடவில்லை. கடைக்காரன் பூட்டை மாற்றினான்; அவ்வளவே.

நிற்க. மனு எழுதும் கதைக்குத் திரும்புவோம்.

அன்று எழுதவில்லை. விவரங்களைத் தெளிவாகக் கேட்டறிந்து மறுநாள் எழுதலாம் என்று அனுப்பிவிட்டோம். மறுநாள் மாலை பையன் மட்டும் வந்தான். “விற்றவன் எப்படித் திரும்ப எடுத்துக்கொண்டான்? பணம் கொடுத்து, கடவுச்சொல்லை மாற்றிக்கொண்ட பின்னும் அது எப்படி இயலும்?” என்று வினவினோம். அவன் விளக்கினான். கணக்கு முதன்முதல் எந்த மின்னஞ்சலில், எந்த முகநூல் பெயரில் தொடங்கப்பட்டதோ அதுவே அதன் வேர். கடவுச்சொல் மாறினாலும் வேர் மாறுவதில்லை. விற்றவன் சில நாள் பொறுத்திருந்து, “என் கணக்கை எவனோ திருடிவிட்டான்” என்று நிறுவனத்துக்கு எழுதுவான். பழைய மின்னஞ்சலையும், முன்னர் டயமண்ட் வாங்கிய ரசீதுகளையும் சான்றாக அனுப்புவான். நிறுவனம் ஆராய்ந்து பார்த்து, முதலில் தொடங்கியவனே உரியவன் என்று அவனிடம் ஒப்படைத்துவிடும். வாங்கியவன் முறையிட்டால், கணக்கு விற்பதே நிபந்தனைக்கு மாறு என்று விடை வரும். ஒரே கணக்கை இவ்வாறு ஐந்தாறு பேருக்கு விற்றோரும் உண்டு என்றான். எந்த ரசீதை எந்த வரிசையில் இணைக்க வேண்டும், எத்தனை நாள் பொறுத்தால் ஐயம் எழாது என்பதையும் சொன்னான்.

சொல்லிக்கொண்டே வந்தவன் நம் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

“நீ இதனை எங்கே கற்றாய்?” என்றோம்.

அவன் விடை கூறச் சிறிது நேரமாயிற்று. அரையாண்டுக்கு முன் தன் சொந்தக் கணக்கைத் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு 3,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறான். ஏழாம் நாள், தோழன் ஒருவன் கற்றுக்கொடுத்தபடி, திருட்டுப் போயிற்று என்று எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டான். வாங்கியவனின் எண்ணைச் செல்பேசியில் தடுத்துவிட்டான். அந்த 3,000 ரூபாயும் தாயின் 6,000 ரூபாயும் சேர்ந்ததே இந்த 9,000.

இதனை எழுதும்போதும் நம் மனம் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. நாம் முன்னாள் மாலை அவனுக்காக இரங்கியிருந்தோம். அவன் தாயார் ‘எவனோ ஒரு பாவி’ என்று வைதபோது நாமும் உடன் தலையசைத்திருந்தோம். இல்லாத உடை என்று நகைத்த நமக்கு, தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு பையன் இதே போன்று ஒரு மாலையில் தலை கவிழ்ந்து நின்றிருப்பான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் தாயாரும் யாரிடமோ மனு எழுதித் தரச் சொல்லிச் சென்றிருப்பார். அவர் வைத பாவி நம் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். நல்ல பிள்ளை, கூப்பிட்ட குரலுக்கு வருபவன், சங்க ஆண்டு விழாவில் நாற்காலி எடுத்துப் போடுபவன்.

“அது விளையாட்டுதானே, தாத்தா” என்றான்.

“உன் 9,000 போனதும் விளையாட்டுதானா?” என்றோம். அழுதுவிட்டான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அன்பர்கள் அறிதல் நன்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆசையில் ஆடும் ஆட்டங்களைத் தடுக்க எழுந்தது. திறமை ஆட்டம், குருட்டு ஆட்டம் என்ற பாகுபாடு அதில் இல்லை. காசுக்கு வாங்கிய டோக்கனும் டயமண்டும் பந்தயமாக வைக்கப்பட்டால் அவையும் பணமாகவே கொள்ளப்படும். அத்தகைய ஆட்டத்தை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் அதில் கண்டுள்ளன; ஆடியவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் விளையாட்டு உடை வாங்குவது பந்தயமாகாது. பையனின் இழப்பு அச்சட்டத்தின் எல்லைக்குள் வாராது. பொய் கூறிப் பணம் பறித்தது வஞ்சனை. நாம் வழக்கமாக ‘ஃபோர் ட்வென்டி’ என்று வைவோமே, அக்குற்றம் 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 318ஆம் பிரிவு. வைவதற்குப் பழைய எண்ணே வாய்க்கு எளிது.

பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். மணிக்கணக்கில் காலம் கடத்தாது சொன்னால், அப்பணம் கைமாறு முன்னரே வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. இப்பையன் அடி விழும் என்று அஞ்சி 11 நாள் வாய் திறக்கவில்லை. இழந்த பணத்தில் பாதியை விற்றவன் எடுத்தான். மறுபாதியை அந்த அச்சம் எடுத்தது என்றே நாம் எண்ணுகிறோம். தந்தையர் இதனைச் சற்றே கவனிக்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. 18 வயது நிரம்பாதவன் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. 1903இல் இலண்டன் பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தா அடமான வழக்கில் உறுதி செய்த முறை இது. இன்றும் அதுவே நிற்கிறது. ஆனால் சட்டத்தில் செல்லாதது செல்பேசியில் நன்றாகச் செல்கிறது. 2021இல் சத்தீஸ்கர் மாநிலத்துக் காங்கேர் மாவட்டத்தில் ஆசிரியை ஒருவரின் வங்கிக் கணக்கிலிருந்து மூன்று திங்களில் 278 முறையாக 3,22,000 ரூபாய் போயிற்று. வெளியார் எவரோ திருடினர் என்று புகார் கொடுத்தார். விசாரித்தபோது, 12 வயது மகன் விளையாட்டு ஆயுதங்களுக்காகச் செலவிட்டது தெரிந்தது. சிறு சிறு தொகையாகப் போனதால் எவருக்கும் உறுத்தவில்லை.

பாதி விலைக்கு டயமண்ட் தருவதாகக் குழுக்களில் கூவுவோர் உண்டு. அது ஏன் மலிவு என்று பிள்ளைகள் கேட்பதில்லை. பிறரிடம் திருடிய அட்டையைக் கொண்டு வாங்கியதை மலிவாக விற்றுக் காசாக்குவது இத்தொழிலில் பழைய வழி. கவுண்டர் ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனம் 2019 அக்டோபரில், தன் விளையாட்டில் கைமாறி விற்கப்படும் திறவுகோல்கள் ஏறக்குறைய முழுவதும் மோசடியின் வழியே வருபவை என்று கருதுவதாக அறிவித்து, புதிதாக வாங்கும் திறவுகோல்களை எவரும் விற்க இயலாதபடி செய்தது. பெட்டியின் விலைக்கு மீன் விற்பவன் படகுக்குச் சொந்தக்காரனாக இருக்கமாட்டான் என்பது ஜெட்டியில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். திரையில் பார்க்கும்போது மட்டும் மறந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் தந்தையையும் தாயையும் வரவழைத்து, பையனையே முழுவதும் சொல்லச் செய்தோம். தந்தை பொதுப்பணியில் தினக்கூலி. கை ஓங்கினார், நாம் இடையே எழுந்து நின்றோம். தாயார், “மனுவே வேண்டாம் ஐயா, பிள்ளையையே பிடித்துக்கொள்வார்களே” என்றார். அவ்வச்சம் நியாயமானது. ஆனால் 9,000 ரூபாய்க்கு மட்டும் மனுக் கொடுத்து 3,000 ரூபாயை மறைப்பதற்கு நாம் எழுதித் தருவதாக இல்லை என்று கூறிவிட்டோம். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு தந்தையே, “இரண்டையும் எழுதுங்கள்” என்றார்.

இரண்டு எழுதினோம். மனுவின் கடைசிப் பத்தியைப் பையன் தன் கைப்பட எழுதினான். பணத்தில் ஒரு பகுதி எப்படி வந்தது என்பதும், அதனைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருப்பதும் அதில் இருந்தன. மற்றது தூத்துக்குடிப் பையனுக்கு. அவன் எண்ணின் மீதிருந்த தடையை நீக்கி, செய்தியை அனுப்பினான். முதல் விடை, “யார் நீ?” என்று வந்தது. பெயரைச் சொன்னதும் நீண்ட குரற்பதிவு ஒன்று வந்தது. அதில் இருந்த சொற்களை இவ்விதழில் அச்சிட இயலாது. பையன் அதனை முழுவதும் கேட்டான். நடுவில் நிறுத்தவில்லை. கடைசியில் அவன் ஒரு செய்தி சொல்லியிருந்தான்: அந்த 3,000 ரூபாய், கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்ததாம்.

இப்போது நம் பையன் ஞாயிறுதோறும், கப்பல் வரும் நாட்களில் மாலையிலும், மாமனின் தேநீர்க்கடையில் குவளை கழுவுகிறான். தலா ஆயிரமாக மூன்று தவணை என்று பேச்சு. இரண்டு போய்விட்டன. மூன்றாவது அடுத்த கப்பலுக்குப் பின். மனுவுக்கு ஓர் எண் வந்திருக்கிறது. இவ்விதழ் அச்சுக்குச் செல்லும் வரை பணம் வரவில்லை. பேறுகாலச் செலவுக்குச் சங்கத்து அன்பர் இருவர் கைமாற்றாகக் கொடுத்திருக்கின்றனர். அம்மையார் சென்ற வாரம் நம் இல்லம் வந்து, செல்பேசியின் ரகசிய எண்ணைத் தாமே மாற்றக் கற்றுக்கொண்டார். மூன்று முறை தவறி நான்காம் முறை வென்றார். என்ன எண் வைத்தார் என்பதை நம்மிடமும் சொல்லவில்லை.